மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் ஓடிவரும்? கணக்கிடும் முறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைநீர் வடிகால், சிறுபாலம், ஏரிக் கலங்கல் (ஏரியின் உபரி நீர் வழியும் இடம்) என்று எதைக் கட்டினாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: மழை பெய்தால் இந்த இடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேரும்? இதற்குப் பல முறைகள் இருக்கின்றன. ஒரே இடத்துக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை தரும். இதைப் பார்த்து மாணவர்கள் குழம்புகிறார்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்கள் தடுமாறுகிறார்கள், குடியிருப்போர் சங்கத்தினர் சந்தேகப்படுகிறார்கள். பல வருடங்களாக என்னிடம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையும் தமிழ்நாட்டு ஏரிகளும். கணக்குகளை நீங்களே காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

இத்தனை முறைகள் எதற்கு? சரியான ஒன்று போதாதா?

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்லப் பிறந்தது. அதனால்தான் இத்தனை.

தெரு வடிகாலின் அகலம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பவருக்கு உச்ச ஓட்டம் தெரிய வேண்டும். ஒரு நொடிக்கு அதிகபட்சம் எத்தனை கன மீட்டர் வரும் என்பதுதான் அது. ஏரி நிரம்பி வழியுமா என்று கேட்பவருக்கு மொத்த நீரளவு வேண்டும். அணையில் மதகை எப்போது திறப்பது என்று முடிவெடுப்பவருக்கோ இரண்டோடு நேரமும் வேண்டும்: தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது உச்சம் தொடும், எப்போது வடியும்.

சென்னையிலிருந்தே இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் தொடங்கிய மழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. தெருக்களும் சுரங்கப்பாதைகளும் மூழ்கின. அது உச்ச ஓட்டத்தின் பிரச்சினை. 2015 டிசம்பர் 1 அன்று நடந்தது வேறு. அந்த நவம்பரில் மட்டும் நகரில் 1,000 மி.மீ.-க்கு மேல் பெய்திருந்தது. ஏரிகள் நிறைந்து, மண் ஊறிப்போயிருந்த நிலையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அங்கே பிரச்சினை மொத்த நீரளவும் நேரமும். முதல் நாளுக்குப் பொருந்தும் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டாம் நாளை விளக்க முடியாது.

அதனால் முறைகளை ஒப்பிடும் முன் உங்களுக்கு வேண்டியது உச்சமா, அளவா, நேரமா என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷனல் முறை என்றால் என்ன?

எல்லோரும் முதலில் கற்பது இதைத்தான். அயர்லாந்துப் பொறியாளர் மல்வானி 1851-ல் இதன் கருத்தை முன்வைத்தார். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரச் சாக்கடைகளை ஆராய்ந்த குயிக்லிங் 1889-ல் இதை நகர வடிகால்களுக்குக் கொண்டுவந்தார்.

சூத்திரம் எளிது. ஓட்டக் கெழு, மழைச் செறிவு (மணிக்கு மி.மீ.), பரப்பு (ஹெக்டேர்) மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் உச்ச ஓட்டம் விநாடிக்குக் கன மீட்டரில் கிடைக்கும். 12 ஹெக்டேர் குடியிருப்பு, கெழு 0.7, செறிவு மணிக்கு 75 மி.மீ. என்றால் விநாடிக்கு 1.75 கன மீட்டர். கன அடியில் சுமார் 62.

ஓட்டக் கெழு என்பது பெய்த மழையில் எவ்வளவு பங்கு ஓடிவருகிறது என்பதைச் சொல்லும் எண். தார்ச்சாலைக்கும் கூரைக்கும் 0.7 முதல் 0.95 வரை எடுப்பார்கள். சமதள மணற்பாங்கில் புல்வெளி என்றால் 0.05 முதல் 0.10 வரைதான்.

இதன் அடிப்படை நம்பிக்கை ஒன்று உண்டு. நீர்ப்பிடிப்பின், அதாவது ஓர் இடத்துக்குத் தண்ணீர் அனுப்பும் மொத்தப் பரப்பின், கடைக்கோடியில் விழும் துளி வெளியேறும் இடத்துக்கு வந்துசேர ஆகும் நேரம் வரை மழை ஒரே சீராகப் பெய்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அதை நீர் கூடும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் முடியும்போது எல்லா மூலையிலிருந்தும் தண்ணீர் ஒரே சமயத்தில் வந்துகொண்டிருக்கும், அதுதான் உச்சம். சில தெருக்கள் அளவுக்கு இது நியாயமான நம்பிக்கை. பரப்பு பெரிதாகப் பெரிதாக ஆட்டம் கண்டுவிடும். மேற்குத் தாம்பரத்தில் கொட்டும்போது குரோம்பேட்டையில் தூறல்கூட இல்லாத நாளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

எந்தப் பரப்பு வரை ரேஷனல் முறையை நம்பலாம்?

பாடப்புத்தகங்களில் 50 ச.கி.மீ. வரை என்று பார்த்திருப்பீர்கள். அமெரிக்க நகரப் பொறியாளர்கள் பலர் 200 ஏக்கரோடு, அதாவது சுமார் 80 ஹெக்டேரோடு, நிறுத்திக்கொள்கிறார்கள். 60 மடங்குக்கும் மேல் வித்தியாசம்! நான் இரண்டாவது பக்கம்தான். நகரத்துக்குள் ஒரு ச.கி.மீ.-ஐத் தாண்டினாலே நடுவில் குளமோ, தாழ்வான மைதானமோ, அடைபட்ட சிறுபாலமோ வந்துவிடும். தண்ணீர் அங்கே தங்கித் தங்கி வரும். சூத்திரத்துக்குத் தங்குவது என்றால் என்னவென்றே தெரியாது.

வானிலை மையம் தரும் 24 மணி நேர மழையளவை ரேஷனல் முறையில் போடலாமா?

கூடாது. இது நான் அடிக்கடி பார்க்கும் தவறு, விளைவும் பெரியது.

2015-ன் 49 செ.மீ.-ஐயே எடுங்கள். 24-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 20 மி.மீ. மேலே சொன்ன 12 ஹெக்டேருக்கு அதைப் போட்டால் விநாடிக்கு 0.48 கன மீட்டர்தான் வருகிறது. வரலாறு காணாத மழை நாளை வைத்துக் கணக்கிட்டும், தேவையானதில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் விடை! நாள் முழுவதற்குமான சராசரியில் உச்ச நேரத்துக் கொட்டல் கரைந்து காணாமல் போய்விடுகிறது. 12 ஹெக்டேருக்கு நீர் கூடும் நேரம் 20 நிமிடம் என்றால் 20 நிமிட மழையின் செறிவுதான் வேண்டும். அதற்கு, தானே பதிவு செய்யும் மழைமானிகளின் தரவிலிருந்து செறிவு, கால அளவு, மீள்வு காலம் (அப்படி ஒரு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்) மூன்றையும் இணைத்து வரைந்த வளைவுகளைப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 2019-ல் மழைநீர் வடிகாலுக்கென்றே தனிக் கையேடு வெளியிட்டது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிவமைப்பது என்பதை நகரத்தின் தரத்தைப் பொறுத்து அதில் வகுத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் வேலை செய்பவர் மேசையில் அது இருக்க வேண்டும்.

இன்னொன்று. அட்டவணையில் உள்ள ஓட்டக் கெழுக்கள் 2 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கானவை. 100 ஆண்டு மழைக்குக் கணக்கிட்டால் கெழுவை 1.25-ஆல் பெருக்குவது வழக்கம் (ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்).

நீர் கூடும் நேரத்தை எப்படி எடுப்பது?

பெரும்பாலோர் கிர்பிச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1940-ல் வந்தது. ஓடையின் நீளமும் சரிவும் தெரிந்தால் போதும். ஒரு கி.மீ. நீளம், நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால் 23 நிமிடம் வரும். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 57 நிமிடம்.

சிக்கல் என்னவென்றால் கிர்பிச் எடுத்த தரவு டென்னஸி மாநிலத்தின் சிறிய பண்ணை நிலங்களிலிருந்து வந்தது. அங்கே சரிவு நூற்றுக்கு 3 முதல் 10 வரை. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் ஆயிரத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தச் சூத்திரம் பிறந்த நிலமும் நம் கடற்கரைச் சமவெளியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அதனால் நான் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வேன்: கூரையிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து வடிகாலுக்கு, வடிகாலுக்குள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் என்ன வேகத்தில் போகும் என்று பார்த்து நேரங்களைக் கூட்டுவேன். வேலை கூடுதல்தான், ஆனால் எங்கே தவறு வரும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கர்வ் நம்பர் முறை எந்த வகையில் வேறுபட்டது?

இது உச்சத்தைத் தருவதில்லை, அளவைத் தருகிறது. 1950-களில் அமெரிக்க வேளாண் துறையின் மண் பாதுகாப்புப் பிரிவு சிறிய விவசாய நீர்ப்பிடிப்புகளின் தரவை வைத்து உருவாக்கியது. மண்ணின் வகையையும் நிலப் பயன்பாட்டையும் பார்த்து 100-க்குள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம், அதுதான் கர்வ் நம்பர். தண்ணீர் இறங்கவே இறங்காத கான்கிரீட் தளத்துக்கு 98. நெருக்கமான குடியிருப்பு மணற்பாங்கான மண்ணில் இருந்தால் 77, களிமண்ணில் இருந்தால் 92. பெசன்ட் நகர் மணலுக்கும் பள்ளிக்கரணைக் களிமண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த முறை கண்டுகொள்கிறது, அதனால் எனக்கு இதைப் பிடிக்கும்.

அந்த எண்ணிலிருந்து மண் எவ்வளவு நீரைத் தேக்கிக்கொள்ளும் என்று கணக்கிடுவோம்: 25,400-ஐ அந்த எண்ணால் வகுத்து 254-ஐக் கழித்தால் தேக்கத்திறன் மி.மீ.-ல் கிடைக்கும். எண் 75 என்றால் 84.7 மி.மீ. இதில் ஐந்தில் ஒரு பங்கு மழையைத் தொடக்கத்திலேயே நிலம் விழுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஓட்டம். மழையிலிருந்து அந்தப் பங்கைக் கழித்து, வருவதை வர்க்கப்படுத்தி, மழையோடு தேக்கத்திறனின் 0.8 பங்கைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். 150 மி.மீ. மழைக்கு 81 மி.மீ. ஓடிவரும் என்று விடை வருகிறது. ஒரு ச.கி.மீ. பரப்பில் 81,000 கன மீட்டர்.

அந்த ஐந்தில் ஒரு பங்கு இந்திய மண்ணுக்கும் பொருந்துமா?

பொருந்தாது என்றுதான் 1972-ல் வந்த நம் நாட்டு மண் பாதுகாப்புக் கையேடு முடிவு செய்தது. கரிசல் மண் ஈரமாக இருந்தால் 0.1 பங்கு, காய்ந்த கரிசலுக்கும் மற்ற எல்லா மண்ணுக்கும் 0.3 பங்கு. அதே 75, அதே 150 மி.மீ.-க்கு 0.3 போட்டால் 81-க்குப் பதில் 74 மி.மீ. வரும். அமெரிக்க மென்பொருளில் கணக்கிடும்போது 0.2 தானாகவே உட்கார்ந்திருக்கும், கவனியுங்கள்.

முந்தைய நாள் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். கர்வ் நம்பர் முறையில் ஐந்து நாள் முன்மழையைப் பார்ப்பார்கள். பயிர்க் காலத்தில் 35 மி.மீ.-க்குக் கீழே என்றால் நிலம் காய்ந்தது, 53-க்கு மேலே என்றால் ஊறியது. நடுவே இருந்தால் சாதாரணம். 75 என்ற எண் காய்ந்த நிலத்தில் 57 ஆகிவிடும், ஊறிய நிலத்தில் 87.5 ஆகிவிடும்.

இப்போது அதே 150 மி.மீ. மழையைப் பெய்ய விடுங்கள். காய்ந்த நிலத்தில் 41 மி.மீ. ஓடும். சாதாரண நிலையில் 81. ஊறிய நிலத்தில் 114. மண்ணும் மழையும் மாறவில்லை, ஆனால் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். "போன மாசமும் இதே அளவுதான் பெய்ஞ்சது, அப்போ தண்ணி நிக்கலையே, இப்ப மட்டும் ஏன்?" என்று மக்கள் கேட்பார்கள். அக்டோபர் முதல் மழைக்கும் நவம்பர் கடைசி மழைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த மூன்று எண்கள் சொல்லிவிடும். ரேஷனல் முறையில் இதற்கு இடமே இல்லை. வடகிழக்குப் பருவமழை அடுத்தடுத்த சுற்றுகளாக வரும் நம் ஊரில் இது பெரிய குறை.

ரைவ்ஸ் சூத்திரம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? பழசு இல்லையா?

பழசுதான். 1884-ல் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதிக்காக உருவானது. வட இந்தியாவுக்கு 1865-ல் வந்த டிக்கன்ஸ் சூத்திரத்தை ஒட்டியது. நீர்ப்பிடிப்பின் பரப்பை (ச.கி.மீ.) மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி ஒரு கெழுவால் பெருக்கினால் விநாடிக்குக் கன மீட்டரில் வெள்ளம் கிடைக்கும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.-க்குள் என்றால் கெழு 6.8. 80 முதல் 160 கி.மீ. என்றால் 8.5. மலையை ஒட்டிய சிறு பரப்புகளுக்கு 10.2.

இதில் மழையே இல்லை என்பதைப் பார்த்தீர்களா? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்பதும் இல்லை. வயலா, காடா, கட்டடமா என்பதும் இல்லை. அன்றைய நிலத்தில் பார்த்த வெள்ளங்களின் சாறு அது. வயலாக இருந்த இடம் கான்கிரீட்டாக மாறிய பிறகு அதே கெழுவைப் போடுவது ஆபத்து.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட மாட்டேன். நம் ஊர் ஏரிகள் தனித்தனியாக இல்லை. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரும்படி சங்கிலியாகக் கோத்தவை. அந்தச் சங்கிலிக்கு ரைவ்ஸ் சூத்திரத்தின் இன்னொரு வடிவம் இருக்கிறது. மொத்த நீர்ப்பிடிப்புக்கு முழுக் கெழுவைப் போட்டு, மேலே உள்ள ஏரிகள் தடுத்துக்கொள்ளும் பரப்புக்கு மிகச் சிறிய கெழுவைப் போட்டுக் கழிப்பார்கள். சிறியது பெரியதில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை எடுப்பது வழக்கம்.

ஒரு கணக்கு. மொத்தம் 27 ச.கி.மீ., அதில் மேல் ஏரிகள் தடுப்பது 8 ச.கி.மீ. 27-ன் மூன்றில் இரண்டு அடுக்கு 9, 8-க்கு 4. கெழு 9-ம் 2-ம் என்றால் 81-லிருந்து 8 போக 73 கன மீட்டர். கீழ் ஏரியின் கலங்கல் விநாடிக்கு 73 கன மீட்டரை வெளியேற்றும் நீளத்தில் இருக்க வேண்டும்.

எட்டு ச.கி.மீ.-க்கு எட்டே எட்டுதான் கழிகிறது என்று ஆச்சரியப்படாதீர்கள். மேல் ஏரி நிறைந்துவிட்டால் வருவதையெல்லாம் கீழே அனுப்பிவிடும். அதனால் மேல் ஏரிகளின் உதவியைக் குறைவாகவே மதிப்பிட்டிருக்கிறார்கள். பருவமழையின் கடைசியில் எல்லா ஏரியும் நிறைந்திருக்கும் காலத்தை மனதில் வைத்த எச்சரிக்கை அது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தச் சூத்திரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

யூனிட் ஹைட்ரோகிராஃப் எப்போது தேவைப்படும்?

நேரம் தெரிய வேண்டும்போது. 1932-ல் ஷெர்மன் கொண்டுவந்தது. ஒரு நீர்ப்பிடிப்பில் 1 செ.மீ. ஓடுநீர் உருவானால் வெளியேறும் இடத்தில் ஓட்டம் மணிக்கு மணி எப்படி ஏறி இறங்கும் என்று ஒரு வளைவு வரைந்துகொள்கிறோம். 3 செ.மீ. என்றால் மூன்றால் பெருக்குவோம். அடுத்த மணியிலும் மழை என்றால் ஒரு மணி தள்ளி இன்னொரு வளைவைப் போட்டுக் கூட்டுவோம்.

வளைவு வரைய ஆற்றில் அளந்த தரவு வேண்டும். இல்லாத இடங்களுக்காக மத்திய நீர் ஆணையம் மற்ற துறைகளோடு சேர்ந்து நாட்டை 26 உட்பகுதிகளாகப் பிரித்து வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகள் தயாரித்தது. நம் கிழக்குக் கடற்கரை 4 (ஏ), (பி), (சி) என்ற உட்பகுதிகளில் வருகிறது. ஊருக்கு வெளியே ரயில்பாதை, நெடுஞ்சாலைப் பாலம் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆனால் பாடப்புத்தகமே ஒரு நிபந்தனை போடுகிறது: நீர்ப்பிடிப்புக்குள் பெரிய அளவில் தண்ணீரைத் தேக்கும் ஏரி, குளங்கள் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு நீர்ப்பிடிப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! ஏரிகள் இருந்தால் ஒவ்வொரு ஏரிக்கும் வரும் ஓட்டத்தைத் தனியாகக் கணக்கிட்டு, ஏரிக்குள் நீர்மட்டம் எப்படி ஏறுகிறது, கலங்கல் வழியே எவ்வளவு போகிறது என்று படிப்படியாகக் கடத்திக்கொண்டு போக வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

ஒரே இடத்துக்கு எல்லா முறையையும் போட்டுக் காட்ட முடியுமா?

கடற்கரைக்கு அருகே 5 ச.கி.மீ., பாதி கட்டடம், பாதி காலி நிலம். நீர் கூடும் நேரம் ஒன்றரை மணி, அந்த நேரத்தில் மணிக்கு 50 மி.மீ. வீதம் 75 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம்.

ரேஷனல் முறையில் கெழு 0.5 போட்டால் விநாடிக்கு 35 கன மீட்டர். ரைவ்ஸில் 6.8 போட்டால் 20. கர்வ் நம்பர் 80 எடுத்து, 75 மி.மீ.-ஐ ஒரே தொகுதி மழையாகக் கொண்டு, அதனோடு வரும், ஓட்டம் ஏறி இறங்குவதை முக்கோணமாகக் காட்டும் வளைவில் உச்சத்தைப் பார்த்தால் 19.

"முறைக்கு முறை இவ்வளவு மாறுகிறதே" என்று இங்கேதான் எல்லோரும் சோர்ந்துபோவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கர்வ் நம்பரை 80-லிருந்து 90-க்கு மாற்றுங்கள், 19 என்பது 31 ஆகிவிடும். ரேஷனலில் கெழுவை 0.5-லிருந்து 0.7-க்கு மாற்றுங்கள், 35 என்பது 49 ஆகிவிடும். முறையை மாற்றுவதால் வரும் வித்தியாசமும், ஒரே முறைக்குள் நாம் கையால் எடுத்துப் போடும் ஒரு எண்ணை மாற்றுவதால் வரும் வித்தியாசமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எந்த முறை சிறந்தது என்று மணிக்கணக்காக வாதிடுகிறோம். அந்த எண்ணை எடுக்க அரை நிமிடம்தான் செலவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறுபாலத்துக்குச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே கெழு எடுத்தேன். படத்தில் பழுப்பாகத் தெரிந்த பெரிய பரப்பைக் காலி நிலம் என்று நினைத்து 0.3 போட்டேன். பிறகு நேரில் போனால், அது லாரிகள் நிறுத்தி நிறுத்தி இறுகிப்போன களிமண் திடல். கடப்பாரை போட்டாலும் இறங்காது. தண்ணீர் எங்கே இறங்கப் போகிறது? கணக்கை முழுதாக மாற்றிப் போட்டேன். அதிலிருந்து நிலத்தை மிதிக்காமல் எந்த எண்ணையும் எடுப்பதில்லை.

காயல்பட்டினத்தில் பெய்தது போன்ற மழைக்கு எந்த முறை?

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. இப்படிப்பட்ட மழையில் நில வகையின் வேறுபாடு மங்கிவிடும். 50 மி.மீ. மழைக்கு, எண் 60 உள்ள நிலத்தில் 1.4 மி.மீ. ஓடும், 75 உள்ள நிலத்தில் 9.3 மி.மீ. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். 950 மி.மீ.-க்கோ 773-ம் 855-ம். நூற்றுக்குப் பத்துதான் வித்தியாசம். பெருமழையில் பெய்வதெல்லாம் ஓடிவிடும் என்று வைத்துக்கொண்டாலும் பெரிய பிழை இல்லை. அப்போது கேள்வி தண்ணீர் எவ்வளவு என்பதிலிருந்து எந்த வழியாகப் போகும், எந்த ஏரியின் கரை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கு நகர்ந்துவிடும். வழிந்தோடும் நீரின் சூத்திரங்கள் அதற்கு விடை சொல்லாது. வெள்ளம் பரவுவதைக் காட்டும் மாதிரிகள் வேண்டும்.

மென்பொருள் போட்டால் துல்லியம் கூடாதா?

தானாகக் கூடாது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ஹெச்.எம்.எஸ். இலவசம். 1971-ல் தொடங்கிய ஸ்வம் மென்பொருளும் இலவசம். இரண்டும் நல்லவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஹெக்-ஹெச்.எம்.எஸ்.-ஸுக்குள் போனால் அதே கர்வ் நம்பர், அதே யூனிட் ஹைட்ரோகிராஃப்தான் உட்கார்ந்திருக்கும். தவறான எண்ணைப் போட்டால் அழகான வண்ணப் படத்தோடு தவறான விடை வரும். ஸ்வம் ஒரு விஷயத்தில் மேல்: குழாய்க்குள் தண்ணீர் பின்வாங்குவதைக் காட்டும். கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறி நிற்க, வடிகால் வெளியேற்ற முடியாமல் திணறும் சென்னை மாதிரி ஊருக்கு அது அவசியம். கையால் போடும் எந்தச் சூத்திரமும் கீழே கடல் மட்டம் என்ன என்று கேட்பதில்லை.

வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருந்தால் ஓட்டம் குறையுமா?

சிறு மழையில் நன்றாகவே குறையும். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். 2,000 லிட்டர் பிடிக்கும் உறைகிணறு முதல் 20 மி.மீ.-ஐ விழுங்கிக்கொள்ளும். 200 மி.மீ. பெய்யும் நாளில் அது சீக்கிரமே நிரம்பிவிடும். ஆனாலும் செய்யுங்கள், நிலத்தடி நீருக்காக. வடிகாலின் அளவை மட்டும் அதை நம்பிக் குறைக்காதீர்கள்.

ஏரிக்கு வருடம் எவ்வளவு நீர் வரும் என்பதற்கும் இவைதானா?

இல்லை. அது விளைநீர்க் கணக்கு. ஸ்ட்ரேஞ்ச் 1892-ல் தந்த அட்டவணை இன்றும் ஏரிப் பாசனத்தில் புழங்குகிறது. பருவம் முழுவதும் பெய்த மழையில் எத்தனை சதவீதம் வந்துசேரும் என்று நல்ல, சராசரி, மோசமான நீர்ப்பிடிப்பு எனப் பிரித்துச் சொல்லும். சராசரிக்கு நல்லதில் முக்கால் பங்கு, மோசமானதற்குப் பாதி. வெள்ளத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

போட்ட கணக்கு சரியா என்று எப்படிச் சரிபார்ப்பது?

வடிகாலிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1.5 மீட்டர் அகல கான்கிரீட் வடிகால், ஆயிரத்துக்கு ஒன்று சரிவு, ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். வடிகாலில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று சொல்லும் மேனிங் சூத்திரத்தில் சொரசொரப்பு 0.015 போட்டால் விநாடிக்கு 1.8 கன மீட்டர் போகும். முதலில் பார்த்த 12 ஹெக்டேருக்கு வந்தது 1.75. சரி, தாங்கும். ஆனால் உள்ளே குப்பையும் செடியும் சேர்ந்து சொரசொரப்பு 0.03 ஆகிவிட்டால் போவது 0.9 மட்டுமே. மீதி தெருவில் நிற்கும். தண்ணீர் நின்றதும் "கணக்குத் தப்பு" என்பார்கள். தூர்வாராததுதான் காரணமாக இருக்கும். எது என்று தெரிய நீர்மட்டம் தெரிய வேண்டும்.

அதனால் மழை நின்ற மறுநாள் போய்ச் சுவரில் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் வாசலுக்கு வந்தது, எப்போது இறங்கியது என்று பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேளுங்கள். உச்ச நேரத்தை அவர் சரியாகச் சொல்வார், கடையை எப்போது மூடினார் என்பது அவருக்கு மறக்காது. அன்றைய மழையை மணிவாரியாக எடுத்து உங்கள் முறையில் போட்டுப் பாருங்கள். உங்கள் வளைவின் உச்சம் அவர் சொன்ன நேரத்துக்கு அரைமணிக்குள் வந்தால் நீர் கூடும் நேரம் சரியாக இருக்கிறது. உயரம் ஒரு சாண் முன்பின் இருந்தால் கெழுவும் சரி. வரவில்லை என்றால் முறையை மாற்றும் முன் கெழுவை மாற்றிப் பாருங்கள். சேற்றுக்கோடு அடுத்த வெள்ளையடிப்பில் மறைந்துவிடும், அதற்குள் பெயின்டால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதிவையுங்கள்.